நினைவிலிருந்து ஒரு நகரத்தை வரைதல்: மதுரை, காவிரிக்கரை, புகார்

கேள்வி

பூம்புகார்க் கடற்கரையில் நிற்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுப்பப்பட்டது. ஏழு நிலை மாடம். உள்ளே கண்ணகி கோவலன் கதை திருமணத்தில் தொடங்கிக் கற்சிற்பங்களாகச் சுவர்களில் நீள்கிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளிக் கீழையூரில், இந்தியத் தொல்லியல் துறை 1960களின் தொடக்கத்தில் தோண்டி வெளிக்கொணர்ந்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. முன்னது ஒரு காப்பியத்தின் நினைவிலிருந்து கட்டிய நகரம். பின்னது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நகரம். பூம்புகாருக்கு வருகிறவர்கள் முன்னதைப் பார்த்துவிட்டுப் பழைய புகாரையே பார்த்த நிறைவோடு திரும்புகிறார்கள். தொல்லியல் அறிந்தவர்களோ பின்னதை மட்டுமே புகார் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. ஒரு கலைஞர் தாம் வாழ்ந்த, பிறகு பிரிந்த, அல்லது அழிந்துபோன நகரத்தை நினைவிலிருந்து வரைந்தால் அது அந்த நகரத்துக்குச் சான்றாகுமா? ஆகும் என்றால் எதற்குச் சான்று? இதற்கு விடை தேட நேரே புகாருக்குள் இறங்குவதில் பயனில்லை. புகாரைக் கண்ணால் கண்டு வரைந்த கோட்டோவியம் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. தரங்கம்பாடி இதே கரையில் தெற்கே இருக்கிறது. டேனியர் 1620இல் கோட்டை கட்டிய அந்தச் சிற்றூருக்குப் பழைய நகர வரைபடங்களும் காட்சிப் படங்களும் உண்டு. புகாருக்குச் சொற்கள் மட்டுமே மிஞ்சின. ஆகவே, படமும் நகரமும் இரண்டும் நம் கண்முன் இருக்கும் ஓர் எடுத்துக்காட்டை முதலில் ஆராய்ந்து, அங்கே கிடைக்கும் முறையைப் புகாரிடம் கொண்டுவருவதே சரியான வழி. அந்த எடுத்துக்காட்டு மனோகர் தேவதாஸ் வரைந்த மதுரை.

இதுவரையிலான புரிதல்

நினைவுச் சித்திரங்கள் பற்றி நம்மிடம் இரண்டு எதிரெதிர்ப் போக்குகள் உண்டு. ஒன்று, அவற்றை ஏக்கத்தின் வெளிப்பாடு என்று ஒதுக்குவது. பிள்ளைப் பருவத்துத் தெரு எப்போதும் அகலமாகவும் ஆறு எப்போதும் நீரோடுமே நினைவில் இருக்கும் என்பது இவர்கள் வாதம். இன்னொன்று, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1904இல், வி. கனகசபையின் ஆங்கில நூல் வெளிவந்தது. ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று தமிழில் அறியப்படும் நூல் அது. அதில் புகார் வீதி வீதியாக விரிகிறது. காப்பியத்தின் வரிகளைக் கோத்தே அந்த நகரம் எழுப்பப்பட்டிருந்தது. மண்வெட்டி அங்கே இறங்குவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. தமிழ் வாசகர் மனத்தில் இன்றும் இருக்கும் புகார் பெரும்பாலும் அந்த நூலுக்கும் அதன் வழிவந்த பாடநூல்களுக்கும் கடன்பட்டது.

இரண்டு போக்கிலும் ஒரே குறை இருக்கிறது. படம் சொல்வது மெய்யா பொய்யா என்று மட்டும் கேட்கிறார்கள். யார், எங்கே நின்று, எந்தக் காலத்தை நினைத்து, எதை விட்டுவிட்டு வரைந்தார் என்று கேட்பதில்லை. பிரெஞ்சுச் சமூகவியலர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் எழுதிய நூலில், தனி ஒருவருடைய நினைவு என்று நாம் கருதுவதுகூட அவர் சேர்ந்திருக்கும் குழுவின் சட்டகத்துக்குள்தான் நிற்கிறது என்று வாதிட்டார். நகர ஓவியங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஒருவர் தம் தெருவை நினைக்கும்போது அண்டை வீட்டாரும் பள்ளித் தோழரும் கோயில் திருவிழாவும் சேர்ந்துதான் அந்தத் தெருவைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

வார்சாவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான அந்த நகரத்தின் பழைய பகுதியை மீண்டும் கட்டியபோது, 18ஆம் நூற்றாண்டில் அங்கே அரசவை ஓவியராக இருந்த பெர்னார்டோ பெல்லோட்டோவின் நகரக் காட்சிகளும் துணைக்கு எடுக்கப்பட்டன. பெல்லோட்டோ சில கட்டடங்களைத் தாம் கண்டபடி வரையாமல் அழகு கூட்டி வரைந்திருந்தார். ஓவியர் கூட்டிய அழகு அப்படியே செங்கல்லாகிச் சில இடங்களில் நிலைத்துவிட்டது. ஓர் ஓவியத்தை எந்தக் கேள்வியும் இன்றிச் சான்றாக ஏற்றால் நகரமே ஓவியத்தைப் பார்த்து மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது. பூம்புகாருக்குத் திரும்பும்போது இது நமக்குத் தேவைப்படும்.

மனோகர் தேவதாசின் மதுரை

மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தார். அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னையில் மின்கலம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராகப் பணியாற்றினார். இடையில் அமெரிக்காவின் மத்திய மேற்கிலுள்ள ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் மேற்படிப்பு. ஓவியம் அவருக்குத் தொழில் அல்ல; வாழ்நாள் முழுவதும் உடன் வந்த பயிற்சி. ‘கிரீன் வெல் இயர்ஸ்’ 1997இல் வந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளின் மதுரைச் சிறுவர் உலகத்தை நாவலாகச் சொல்லும் அந்த நூலுக்கு அவரே கோட்டோவியங்கள் வரைந்தார். பத்தாண்டு கழித்து 2007இல் ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ வந்தது. அது படங்களே முன்னின்று பேச, உரை பின்தொடரும் நூல். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 டிசம்பரில் காலமானார்.

அவருடைய வாழ்வில் இரண்டு பெருந்துயரங்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1972இன் இறுதியில் நேர்ந்த கார் விபத்தில் மனைவி மகிமாவின் கைகால்கள் செயலிழந்தன. தேவதாசுக்கோ விழித்திரையை மெல்ல அழிக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை நோய். இவ்விரண்டையும் மனவுறுதியின் கதையாகவே ஊடகங்கள் சொல்லிவந்தன. அது உண்மைதான், ஆனால் அந்தக் கதையின் வெளிச்சத்தில் ஓவியங்களைப் பற்றிய விமர்சனம் பின்னுக்குப் போய்விட்டது. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த நோய் அவருடைய ஓவிய முறையையே தீர்மானித்தது என்பது.

இந்த நோயில் முதலில் மங்குவது இரவுப் பார்வை. பிறகு பார்வைப் புலத்தின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருங்கி வருகின்றன. கடைசியில் நடுவில் ஒரு குழாய்வழிப் பார்ப்பதுபோன்ற சிறு வட்டம் மட்டும் மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் கூர்மை நெடுநாள் இருக்கலாம். இப்போது மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தின் முன் அப்படிப்பட்ட ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுதைச் சிற்பத்தின் முகம் தெரியும். அதை விட்டுக் கண்ணை நகர்த்தினால் அடுத்த சிற்பம் தெரியும். கோபுரம் முழுவதும் ஒருசேரத் தெரியாது. எதிரே நின்று பார்த்தாலும், தாளில் முழுக் கோபுரத்தையும் எழுப்ப வேண்டுமென்றால் சற்றுமுன் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டே வரைய வேண்டும். அதாவது பார்வை சுருங்கிய பின் அவர் வரைந்த எல்லாமே, நேரில் பார்த்து வரைந்தவைகூட, நினைவிலிருந்து வரைந்தவைதாம். நேரில் கண்டு வரைதல், நினைந்து வரைதல் என்று நாம் போடும் கோடு அவரிடம் அழிந்துபோகிறது. எல்லா ஓவியரிடமும் அந்தக் கோடு நாம் நினைப்பதைவிட மெல்லியதுதான் என்பதை அவருடைய படங்கள் காட்டித் தருகின்றன.

இதன் விளைவைத் தாளில் காணலாம். கறுப்பு மையும் பேனாவும். வண்ணப் பூச்சின் உதவி இல்லை. நிழல் வேண்டிய இடத்தில் நெருக்கமான சிறு கோடுகளும் புள்ளிகளும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளின் வெண்மையே. தூரத்துக் கட்டடம் சிறுத்துப் போகும் அளவு கணக்கிட்டுப் போட்டதுபோல் இருக்கிறது. கண் ஒருசேரத் தராத முழுமையைக் கணக்கும் நினைவும் சேர்ந்து தருகின்றன. பார்வைப் புலம் சுருங்கியவர் வரைந்த படங்களில் இவ்வளவு விரிந்த வெளி இருப்பது ஒரு முரண்போலத் தோன்றும். வெளி அவருக்குக் கண்ணால் எளிதில் கிட்டவில்லை. ஆகவே அதை அவர் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

சான்று என்ற கேள்விக்கு வருவோம். மதுரைக்கு வேறு சான்றுகள் உண்டு என்பதுதான் இங்கே நமக்குக் கிடைக்கும் வசதி. தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து வரைந்தார்கள். லின்னியஸ் டிரைப் 1858இல் இரு ஊர்களையும் ஒளிப்படம் எடுத்தார். திருமலை நாயக்கர் அரண்மனையின் தூண்களை டிரைப்பின் படத்திலும் பார்க்கலாம், தேவதாசின் படத்திலும் பார்க்கலாம், நேரில் போயும் பார்க்கலாம். தூணின் பருமனிலும் வளைவின் எடுப்பிலும் தேவதாசைக் குறை காண்பது கடினம். ஆனால் அவர் விட்டவை உண்டு. மின்கம்பிகள், விளம்பரப் பலகைகள், கோபுரத்தை மறைத்து எழுந்த புதிய மாடிகள் இவையெல்லாம் அவருடைய மதுரையில் குறைவு, பல இடங்களில் இல்லை. 1990களிலும் 2000களிலும் வரைந்த படத்தில் 1950களின் வானம் இருக்கிறது.

இதைப் பிழை என்று சொல்லலாமா? படத்தை 2007ஆம் ஆண்டின் மதுரைக்குச் சான்றாகக் கொண்டால் பிழைதான். 1950களில் ஒரு சிறுவன் எதைப் பார்த்து வளர்ந்தான் என்பதற்குச் சான்றாகக் கொண்டால், விட்டவைகளே மிகவும் பேசுகின்றன. யானைமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைப் பக்கமிருந்து பார்த்தால் படுத்திருக்கும் யானையாகத் தெரியும் அந்த ஒற்றைப் பாறை, நடுவே மறைப்பு ஏதும் இல்லாத காலத்தில் ஊரின் தினசரிக் காட்சியாக இருந்தது. ஒரு நகரத்துக்கு எது திசைகாட்டியாக இருந்தது என்பதை நகராட்சி ஆவணம் சொல்லாது, ஒளிப்படத்தில் தற்செயலாகப் பதிந்தால்தான் உண்டு. நினைவுச் சித்திரம் அதையே நடுவில் வைக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பல கல்லுக்காக உடைந்துபோனதை அறிந்தவர்களுக்கு இது வெறும் அழகுணர்ச்சியாகத் தோன்றாது.

ஆகவே நான் வந்தடையும் முடிவு இது: நினைவுச் சித்திரம் என்ன இருந்தது என்பதற்கு இரண்டாம் நிலைச் சான்று, எது எதற்கு அருகில் இருந்தது, எங்கிருந்து எது தெரிந்தது, எந்தச் சிறு பொருள் கண்ணில் தங்கியது என்பதற்கு முதல் நிலைச் சான்று. அதன் நம்பகத்தன்மை பிரம்மாண்டத்தில் இல்லை; வரைந்தவர் நின்ற இடம் படத்தில் தெரிகிறதா என்பதிலும், கதைக்கோ பெருமைக்கோ தேவைப்படாத நுணுக்கங்கள் அதில் இருக்கின்றனவா என்பதிலும் இருக்கிறது.

காவிரிக்கரையில் கோபுலு

இந்த முறையைச் சோழநாட்டுக்குக் கொண்டுவரும்போது முதலில் நினைவுக்கு வருபவர் கோபுலு. 1924இல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, சென்னைக்கு வந்து ஆனந்த விகடனில் மாலியின் அரவணைப்பில் வளர்ந்தவர். திருவையாற்றில் தியாகராஜர் வழிபட்ட ராமர் பட்டாபிஷேகப் படத்தை நேரில் பார்த்து வரைந்துவர மாலி அவரை அனுப்பியது, பத்திரிகை ஓவியத்தில் அவர் நுழைந்த கதையாகச் சொல்லப்படுகிறது. அதே விகடனில் சில்பி என்ற பி.எம். சீனிவாசன் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். சில்பியின் முறைக்கு முழுப் பொறுமையும் எதிரே ஒரு பொருளும் வேண்டும். கோபுலு அப்படி அல்ல. கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ 1950களில் தொடராக வந்தபோது, நாகஸ்வரக் கச்சேரியையும் மிராசுதார் வீட்டையும் கோயில் திருவிழாக் கூட்டத்தையும் சென்னையில் உட்கார்ந்து வாரந்தோறும் அவர் வரைய வேண்டியிருந்தது. அவருக்கு எதிரே இருந்தது இளமையில் பார்த்த தஞ்சை மட்டுமே.

தேவதாசிடம் கட்டடங்கள் நினைவாக நிற்கின்றன, கோபுலுவிடம் உடல்கள். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கழி பிடித்து, தோளைச் சாய்த்து நாகஸ்வரக்காரரைப் பார்க்கும் பார்வை; துண்டு கிடக்கும் விதம்; பெரிய மனிதர் வந்தால் சுற்றியிருப்பவர் உடம்பு எவ்வளவு குனிகிறது என்பது. இவை எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவருடைய வாசகர்களில் பலர் அதே ஊர்களில் இருந்தார்கள். தவில் தலைமாறிப் போயிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். ஹால்ப்வாக்ஸ் சொன்ன குழுச் சட்டகம் இங்கே கண்கூடாக வேலை செய்கிறது. கோபுலுவின் நினைவைத் தஞ்சை வாசகர்களின் நினைவு வாராவாரம் சரிபார்த்துக்கொண்டிருந்தது. முதுமையில் பக்கவாதத்தால் வலக்கை ஒத்துழைக்காதபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார், 2015இல் மறைந்தார்.

ஆனாலும் அவருடைய டெல்டாவில் விடுபட்டது மதுரையில் விடுபட்ட மின்கம்பியைப்போல் சிறியது அல்ல. நடவு நட்டவர்களும் அறுத்தவர்களும் அந்தப் படங்களில் ஓரமாகவே வருகிறார்கள். கச்சேரி, கல்யாணம், அக்ரகாரத் திண்ணை, சமையல்கட்டு என்று கதைகள் கேட்ட உலகமே முன்னால் நிற்கிறது. இதற்கு ஓவியரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. பத்திரிகையின் கதைத் தேர்வும் அதன் வாசகர் வட்டமும் சேர்ந்து வகுத்த எல்லை அது. நெல் விளைந்த நாட்டின் நினைவுச் சித்திரத்தில் நெல்லை விளைவித்தவர் குறைவாக இருப்பதை இன்றைய ஆய்வாளர் எழுதிவைத்தே ஆக வேண்டும்.

சொல்லால் வரைந்த புகார்

இனிப் புகார். மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பழைய நூல்களைப் படித்தால், எல்லா வருணனையும் ஒரே தரத்தில் இல்லை என்பது உடனே தெரிகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை 301 அடிகள். அதில் கடல்வழி வந்த குதிரையும் வண்டியில் வந்த மிளகும் ஈழத்து உணவும் அடுக்கப்படும் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது அரசனைப் பாடும் புலவர் போடும் பட்டியல். எந்தப் பெரிய துறைமுகத்தையும் அப்படிப் பாடியிருக்கலாம். அதே பாட்டின் தொடக்கத்தில் வேறொரு காட்சி வருகிறது. முற்றத்தில் தானியம் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. வீட்டுப்பெண் கையில் வேறெதுவும் அகப்படாமல் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். சிறுபிள்ளை உருட்டிவரும் மூன்று கால் நடைவண்டி அந்தக் குழையில் தட்டி நிற்கிறது. செல்வத்தைச் சொல்லப் புலவர் மிகைப்படுத்துகிறார் என்பது சரி. ஆனால் காயும் தானியம், கோழி, நடைவண்டி ஆகிய மூன்றும் ஒரே முற்றத்தில் இருந்தன. அந்த முற்றத்தை யாரோ நின்று பார்த்திருக்கிறார். நெல் கொண்டுவந்த படகுகளைக் குதிரைகளைப்போல் வரிசையாகக் கட்டியிருந்ததைச் சொல்லும் இடமும் இப்படியே. உப்பை விற்று நெல் வாங்கித் திரும்பிய படகுகள் அவை. கீழையூர்ப் படகுத்துறையின் முன் நிற்பவர் இந்த வரிசையை மனத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. பதிகம் சொல்லும் மரபை ஏற்றால், அதைப் பாடியவர் சேரநாட்டு இளங்கோ. புகாரிலிருந்து விலகி மேற்கே இருந்தவர். காலத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு நீண்டது. 2ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, வெகுவாகப் பின்னுக்குத் தள்ளும் வையாபுரிப்பிள்ளை போன்றோரும் உண்டு. எந்தக் காலத்தைக் கொண்டாலும் புகார்க் காண்டம் தொலைவிலிருந்து திரும்பிப் பார்க்கும் எழுத்து. இந்திர விழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் இடையில் நாளங்காடி, ஐவகை மன்றங்கள் என நகரம் ஒழுங்காகப் பிரிந்து கிடக்கிறது. இது நகரத்தை மேலிருந்து பார்க்கும் பார்வை. நிற்கும் இடம் தெரியவில்லை. அதற்குள்ளும் ஒரு நுணுக்கம் மின்னி மறைகிறது: நாளங்காடியில் கடைகளின் கால்களை அடர்ந்த மரங்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இந்தத் தகவலால் கதைக்கு எந்தப் பயனும் இல்லை. பயனில்லாததாலேயே அதை நான் நம்புகிறேன்.

கடலாடு காதை இன்னும் ஒரு படி மேலே. விடியுமுன் கோவலன் கோவேறு கழுதை மேலும் மாதவி வண்டியிலும் கடற்கரைக்குப் போகிறார்கள். கரை முழுக்க விளக்கு. சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுவோர் கரிய அகலைக் குடம்போன்ற தண்டின்மேல் ஏற்றிய விளக்கு, இடையிடையே மீன் விற்பவர் விளக்கு, பிறகு கலங்கரை விளக்கம், அதற்கப்பால் பரதவர் மீன்பிடி படகின் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டார் அணையாமல் வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. நுண்மணலில் வெண்சிறுகடுகு விழுந்திருந்தாலும் கண்டுகொள்ளலாம் என்ற அளவுக்கு வெளிச்சம். வரிசையைக் கவனியுங்கள். கடைகளில் தொடங்கி, மீன் விற்கும் ஓரத்தைக் கடந்து, கலங்கரை விளக்கத்தையும் தாண்டிக் கடலுக்குள் போகிறது பார்வை. வண்டியில் வருபவர் காண்பது இந்த ஒழுங்கில்தான். அதன்பின் கரைக்குத் திரும்பி அயல்நாட்டார் குடியிருப்பையும் காவலரையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒழுங்கு முறிகிறது. கண் காணும் ஒழுங்கு நின்று, நினைவுக்கு வரும் ஒழுங்கு தொடங்கிவிடுகிறது. இந்த முறிவே இதை ஒரு நினைவுச் சித்திரமாக ஆக்குகிறது என்று நான் கருதுகிறேன். இட்டுக்கட்டியவர் வரிசையைப் பிசகாமல் முடித்திருப்பார்.

அகழாய்வு இதற்கு என்ன சொல்கிறது? 1962 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்த பணியில் கீழையூர்ப் படகுத்துறை, வானகிரியில் செங்கல் நீர்த்தேக்கம், பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையும் புத்தர் பாதக் கல்லும் கிடைத்தன. படகுத்துறையின் மரக் கம்பங்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. கிடைத்தவை செங்கல்லும் மரமும். எழுநிலை மாடமோ கருங்கல் மண்டபமோ இல்லை. 1991 முதல் 1993 வரை எஸ்.ஆர். ராவ் வழிகாட்ட, தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையும் கடலுக்குள் தேடின. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவ அமைப்பு ஒன்று தென்பட்டது. அதை வைத்துப் பல ஆயிரம் ஆண்டு பழமை பேசும் நூல்களும் தொலைக்காட்சிப் படங்களும் வந்தன. முறையான காலக்கணிப்பு இல்லாத ஒன்றின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்ற முடியாது.

1973: கல்லாகிய நினைவு

கலைக்கூடத்தை இந்தப் பின்னணியில் மதிப்பிட வேண்டும். வை. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பில் மாமல்லபுரம் சிற்பப் பள்ளியின் கைகள் செதுக்கியது அது. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கைகள் பழகியது பல்லவ, சோழக் கோயில் மரபில். ஆகவே செங்கல்லும் மரமும் கூரையுமாக இருந்திருக்க வேண்டிய ஒரு நகரத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய கோயிற்கலையின் உடை போர்த்தப்பட்டது. மாதவியின் நிலையில் சோழச் செப்புத்திருமேனியின் சாயல் விழுகிறது. காப்பியத்தின் ஐவகை மன்றங்களில் சிலவும் வளாகத்தில் எழுந்தன. மேலிருந்து பார்த்த பட்டியல் கல்லாயிற்று. மரத்தோடு கட்டிய கடைக்காலும் அப்பம் சுட்ட அகல்விளக்கும் ஆகவில்லை. பெல்லோட்டோவின் வார்சாவைப்போல இங்கேயும் மிகை நிலைத்துவிட்டது. ஒரு வேறுபாடு, வார்சாவில் அடியில் உண்மையான அடித்தளம் இருந்தது.

இதனால் கலைக்கூடம் மதிப்பற்றது என்று ஆகாது. அது 1973க்கு முதல்தரச் சான்று. 1964இல் ‘பூம்புகார்’ திரைப்படம், 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலை, 1973இல் இந்த மாடம் என்று ஓர் அரசியல் தலைமுறை தனக்கு வேண்டிய நகரத்தை நினைவுகூர்ந்தது. வடக்கின் பேரரசுகளுக்கு நிகராகத் தமிழருக்கும் ஒரு மாநகரம் இருந்தது என்று கண்ணுக்குக் காட்ட வேண்டிய தேவை அந்தத் தலைமுறைக்கு இருந்தது. அந்தத் தேவையை நான் மதிக்கிறேன். ஆனால் கீழையூரின் செங்கல் அதே அளவு மரியாதையோடு பார்வையாளருக்குக் காட்டப்படாதது பெரிய இழப்பு. கல்லைப் பார்த்தவர் செங்கல்லைச் சிறியது என்று நினைத்துவிடுகிறார்.

இன்னும் வரையப்படாதது

இதுவரை பேசிய படங்கள் எல்லாம் கரையிலிருந்து பார்த்தவை. பூம்புகாரில் கடலிலிருந்து கரையைப் பார்க்கும் நினைவும் ஒன்று உண்டு. கட்டுமரத்தில் போனவர்கள் கடலில் தாம் நிற்கும் இடத்தைக் கரையின் குறிகளை வைத்தே கண்டார்கள்: ஒரு கோபுரத்துக்கு நேரே ஒரு பனை வந்தால் இன்ன இடம் என்று. நின்ற இடம் தெரிவதுதான் நினைவுச் சித்திரத்தின் உயிர் என்றால், இதைவிடத் துல்லியமான நினைவு வேறு கிடைக்காது. அதில் பிழைத்தால் வலை கிழியும், வழி தப்பும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு மீனவர் வீடுகள் பலவும் இடம் மாறின. அதற்கு முந்திய கரையை நன்றாக அறிந்தவர்களுக்கு வயதாகிறது. கருவிகள் வந்தபின் பனைமரத்தைக் குறிபார்க்கும் பழக்கமும் தேய்கிறது.

கோபுலு படித்த கும்பகோணத்தில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது; பூம்புகாருக்குச் சில மணி நேரப் பயணம். வானகிரியிலும் பூம்புகாரிலும் வயதானவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல மாணவர்கள் வரைய வேண்டும். வரைந்ததை அவர்களிடமே காட்டித் திருத்தி வாங்க வேண்டும். கோபுலுவுக்குத் தஞ்சை வாசகர்கள் செய்த வேலையை இங்கே அந்தத் தெருவே செய்யும். ஒவ்வொரு தாளின் பின்புறமும் நான்கு செய்திகள் எழுதப்பட வேண்டும்: சொன்னவர் யார், எந்த ஆண்டை நினைத்துச் சொன்னார், எங்கே நின்று பார்த்த காட்சி, வரைந்தவர் எதை வேண்டுமென்றே விட்டார். ஐஸ் கம்பெனியும் டீசல் பீப்பாயும் அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடும் இருந்திருந்தால் அவையும் படத்தில் இருக்கட்டும். மீன் விற்கும் பெண்கள் உட்கார்ந்த இடத்தைப் பெண்களிடமே கேட்க வேண்டும். ஏலம் நடந்த இடம் ஆண்களின் நினைவிலும் பெண்களின் நினைவிலும் வேறு வேறாக இருந்தால் இரண்டு படமாக வரைய வேண்டும். அந்தத் தாள்களை வைக்கக் கலைக்கூடத்தின் ஒரு சுவர் போதும்.